46 வயசுல பிஎச்டி சேரலாமா? 19 வருஷ ஐசியூ நர்ஸ் கேக்கறேன்

மூணாம்ஷிஃப்ட்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மத்தவங்க எழுதறத படிச்சிட்டு மட்டும் தான் இருந்தேன், இன்னைக்கு முதல் தடவையா எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

வயசு 46. நர்சிங்ல 24 வருஷம், அதுல 19 வருஷம் ஐசியூ. எம்எஸ்சி முடிச்சு 14 வருஷம் ஆயிடுச்சு, அதுக்கப்புறம் படிப்பு பக்கமே போகல. இப்போ பிஎச்டி போகணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. ஏன்னு சொல்றேன்.

எங்க யூனிட்ல ஸ்பாஞ்ச் பாத் எல்லாம் ராத்திரி ரெண்டு மணிலேர்ந்து நாலு மணிக்குள்ள தான். காலைல ரவுண்ட்ஸ், எக்ஸ்ரே, டெஸ்டுக்கு கூட்டிட்டு போறதுன்னு நேரமே இருக்காது, அதனால நைட் ட்யூட்டி தலைல வந்துடும். வருஷக்கணக்கா நானும் அப்படியே செஞ்சேன். ஒரு நாள் ராத்திரி மூணு மணி இருக்கும், வென்டிலேட்டர்ல இருந்த ஒருத்தர், அப்போ தான் கண்ணசந்திருந்தார், முதுகு தொடைக்க இடது பக்கமா திருப்பினோம். டக்குனு கண்ண முழிச்சு பெட் கம்பிய ரெண்டு கையாலயும் இறுக்கி புடிச்சிட்டார். வாயில ட்யூப், பேச முடியாது. எங்க இருக்கோம், யாரு நம்மள உருட்டறாங்க, பகலா ராத்திரியான்னு எதுவும் தெரியாத ஒரு பார்வை. அஞ்சரை மணிக்கு ட்யூப புடுங்க கைய கொண்டு போனார். ஆறு மணிக்கு ரெண்டு கையையும் கட்டியாச்சு. என் கையால தான் கட்டினேன்.

அன்னைலேர்ந்து ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சேன். எந்த பெட், எத்தனை மணிக்கு பாத், விடியறதுக்குள்ள கை கட்ட வேண்டி வந்துச்சா இல்லையா, அவ்வளவு தான். அஞ்சு வருஷமா எழுதறேன். பாக்கும்போது எனக்கு ஏதோ தெரியுது. மேலதிகாரிங்ககிட்ட சொன்னேன், "ஆதாரம் இருக்கா சிஸ்டர்"னு கேட்டாங்க. அடுத்த வருஷம் ஒரு மீட்டிங்ல அதே விஷயத்த வேற ஒருத்தர் ஸ்லைடு போட்டு பேசினாங்க. நான் கடைசி வரிசைல உக்காந்திருந்தேன். என் பேர் வரல. அன்னைக்கு ராத்திரி ட்யூட்டில அழுதுட்டேன்.

எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னாலே பயம். வீட்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, பையன் ஸ்கூல் முடிக்கற வருஷம். முடிக்கும்போது 50 தாண்டிடும். இதெல்லாம் தெரிஞ்சும் கேக்கறேன், போகலாமா?

ஆய்வுமேசை:
வாங்க சிஸ்டர். நான் 45ல சேர்ந்து 51ல முடிச்சேன், அதனால வயசு பத்தி என்கிட்ட கேக்க வேண்டாம். 50 எப்படியும் வரத்தான் போகுது, படிச்சாலும் வரும் படிக்கலைன்னாலும் வரும்.

முதல்ல நீங்க தேடறது பிஎச்டி தானான்னு பாருங்க. நர்சிங்ல டாக்டரேட்னா ரெண்டு வழி இருக்கு. பிஎச்டி புது அறிவ உண்டாக்கறதுக்கு, அதாவது யாரும் பதில் சொல்லாத கேள்விக்கு நீங்களே பதில் தேடணும். டிஎன்பி, அதாவது டாக்டர் ஆஃப் நர்சிங் ப்ராக்டீஸ்னு இன்னொன்னு, ஏற்கனவே இருக்கற ஆதாரத்த வார்டுல கொண்டு வந்து நடைமுறைய மாத்தறதுக்கு. அது அமெரிக்கால தான் பெருசா வளந்துச்சு, கென்டக்கி பல்கலைக்கழகம் 2001ல ஆரம்பிச்சது, 2004ல அங்க நர்சிங் காலேஜ்களோட சங்கம் அட்வான்ஸ்டு ப்ராக்டீஸ் நர்சுகளுக்கு (மேல்படிப்பு படிச்சு தாங்களே நோய் பாத்து மருந்து எழுதற மாதிரியான நர்சுகள்) 2015க்குள்ள அது தான் படிப்பா இருக்கணும்னு நிலைப்பாடு எடுத்தாங்க. முதல் டிகிரிக்கு அப்புறம் மொத்தம் 1000 மணி நேரமாவது க்ளினிக்கல் பயிற்சி காட்டணும். எல்லா நாட்லயும் அது கெடைக்காது, உங்களுக்கு எது கெடைக்கும்னு நீங்க தான் பாக்கணும்.

"ராத்திரி பாத்தை நிறுத்தணும்"னு உங்களுக்கு உறுதியா தெரிஞ்சா அது டிஎன்பி வேலை. "ராத்திரி பாத்தால தான் கொழப்பம் வருதா"ன்னு தெரியணும்னா அது பிஎச்டி. உங்க பதிவ மூணு தடவை படிச்சேன், உங்களுக்கு ரெண்டாவது தான்னு தோணுது, ஆனா நீங்க முதலாவத தெரிஞ்ச மாதிரி எழுதறீங்க. கோவிச்சுக்காதீங்க.

இன்னொன்னு, யாரும் சொல்ல மாட்டாங்க. பேட்ரிஷியா பென்னர்னு ஒரு நர்சிங் ஆய்வாளர் 1984ல நர்ஸோட வளர்ச்சிய அஞ்சு படியா பிரிச்சாங்க இல்லையா, ஒண்ணுமே தெரியாத புதுசுலேர்ந்து எக்ஸ்பர்ட் வரைக்கும். நீங்க அஞ்சாவது படில நிக்கறீங்க. வார்டுக்குள்ள நுழையும்போதே எந்த பேஷண்ட் இன்னைக்கு சரியில்லைன்னு வாசல்லயே தெரியும். முதல் செமினார்ல உக்காந்ததும் முதல் படிக்கு இறங்கிடுவீங்க. பக்கத்துல 26 வயசு பொண்ணு கடகடன்னு பேசும், உங்களுக்கு பாதி வார்த்தை புரியாது. எனக்கு முதல் ஆறு மாசம் அது தான் வலிச்சுது, படிப்பு கஷ்டமே இல்ல அதுக்கு முன்னாடி.

பாதில_நிறுத்தினவள்:
எல்லாரும் போங்க போங்கன்னு சொல்லுவாங்க, அதனால நான் வேற மாதிரி சொல்லணும்னு நெனக்கறேன் அக்கா. நான் ரெண்டரை வருஷம் படிச்சு நிறுத்தினவ. முட்டாள்னு நிறுத்தல, சோம்பேறித்தனத்தாலயும் இல்ல.

நான் கொண்டு போன கேள்வி கேன்சர் வார்டுல வாய்ப்புண் பத்தி. கைடு ரொம்ப பெரிய ஆளு, பேர் சொல்ல விரும்பல. "நல்ல டாபிக் தான், ஆனா என்கிட்ட ஏற்கனவே ஒரு டேட்டா இருக்கு, அதுல பண்ணா சீக்கிரம் முடியும்"னாங்க. சரின்னு தலையாட்டிட்டேன். அந்த டேட்டா நர்சிங் மாணவிகளோட மன அழுத்தம் பத்தினது. நைட் ட்யூட்டி முடிச்சு காலைல எட்டு மணிக்கு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து எனக்கு சம்பந்தமே இல்லாத ஒரு கேள்விக்கு டேபிள் போட்டுட்டு இருப்பேன். சொந்த கேள்வியா இருந்தா தூக்கத்த விட்டுட்டு செஞ்சிருப்பேன், அடுத்தவங்க கேள்விக்கு உடம்பு ஒத்துழைக்கல, மனசும் தான். ஒரு நாள் லாகின் பண்ணவே முடியல என்னால.

அதனால சொல்றேன், காலேஜ் பேர பாக்காதீங்க, கைட பாருங்க. அவங்ககிட்ட ஏற்கனவே படிச்சவங்க ரெண்டு பேர்கிட்டயாவது தனியா பேசுங்க. மெயில் போட்டா எத்தனை நாள்ல பதில் வரும், டிராஃப்ட் குடுத்தா எப்போ திருத்தி வரும், சேரும்போது வெச்சிருந்த டாபிக் தான் முடிக்கும்போதும் இருந்துச்சா. இந்த மூணு கேள்விய கேட்டிருந்தா நான் அங்க சேர்ந்திருக்கவே மாட்டேன்.

புதுசிஸ்டர்:
நான் வேலைல சேர்ந்து ரெண்டு வருஷம் தான் ஆகுது, பேசலாமான்னு தெரியல. ஆனா மனசுல பட்டத சொல்றேன் மேடம். உங்கள மாதிரி சீனியர்ஸ் எல்லாம் படிக்க போயிட்டா எங்களுக்கு யார் சொல்லி குடுப்பா? எங்க யூனிட்ல நல்லா தெரிஞ்ச ரெண்டு அக்காங்க படிச்சு முடிச்சு காலேஜுக்கு போயிட்டாங்க, திரும்பி வரவே இல்ல. இப்போ ராத்திரில ஏதாவது ஆச்சுன்னா என்னையே தான் எல்லாரும் பாக்கறாங்க. எனக்கே ஒண்ணும் தெரியாது. பேப்பர் எழுதறதால பெட் பக்கத்துல என்ன மாறும்?

மூணாம்ஷிஃப்ட்:
அம்மாடி, நீ பேசலாமா வேண்டாமான்னு யோசிக்கவே வேண்டாம். நீ சொன்னது எனக்கு சுருக்குன்னு பட்டுது. என்கிட்ட பதில் இல்ல இப்போதைக்கு.

பாதில_நிறுத்தினவள், உங்க பதிவுக்கு ரொம்ப நன்றி. நீங்க சொன்ன மூணு கேள்வியையும் அதே நோட்டுல பின்னாடி பக்கத்துல எழுதி வெச்சிருக்கேன்.

பச்சைஸ்க்ரப்:
தங்கச்சி கேட்டதுக்கு நான் சொல்றேன். 2002ல லிண்டா ஏக்கன்னு ஒரு நர்ஸ், டாக்டரேட் வாங்கினவங்க, பென்சில்வேனியால 168 ஆஸ்பத்திரிய வெச்சு ஒரு ஆய்வு போட்டாங்க. ஒரு நர்ஸ் பாத்துக்கற பேஷண்ட் எண்ணிக்கைல ஒண்ணு கூடினா, ஆபரேஷன் ஆன பேஷண்ட் 30 நாளைக்குள்ள இறந்து போற வாய்ப்பு 7 சதவீதம் கூடுதுன்னு காட்டினாங்க. இன்னைக்கு வரைக்கும் ஸ்டாஃப் போதலன்னு யார் சண்டை போட்டாலும் அந்த 7 தான் கைல இருக்கற ஆயுதம். நீயும் நானும் "ஆள் பத்தல சார்"னு நூறு தடவை சொன்னா அது பொலம்பல், அவங்க சொன்னப்போ அது கணக்கு.

சிஸ்டர், உங்க பேர் வரலைன்னு எழுதினீங்களே, அத படிச்சதும் எனக்கு ஒரு பழைய கதை தான் ஞாபகம் வந்துச்சு. பச்ச குழந்தைக்கு மஞ்சக்காமாலைன்னா லைட்டுக்கு அடில வெக்கறோம் இல்ல, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியுமா? 1956, இங்கிலாந்து, எசெக்ஸ்ல ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரி. அங்க குறைமாச குழந்தைங்க யூனிட்ட பாத்துக்கிட்டவங்க சிஸ்டர் வார்டு, வார்டுங்கறது அவங்க பேரு. வெயில் நல்லா இருக்கற நாள்ல குழந்தைங்கள வெளில காத்தாட கொண்டு போய் வெப்பாங்க. ஒரு நாள் ரவுண்ட்ஸ்ல ஒரு குழந்தைய திறந்து காட்டறாங்க, உடம்பெல்லாம் வெளுத்திருக்கு, ஒரு முக்கோணம் மட்டும் நல்ல மஞ்சளா நிக்குது. துணியோட ஓரம் மூடியிருந்த இடம் அது. வெயில் பட்ட இடத்துல மஞ்சள் போயிடுச்சு, துணி மூடின இடத்துல அப்படியே இருந்துச்சு. 1958ல கட்டுரை வெளி வருது, எழுதினவங்க மூணு பேர், அதுல சிஸ்டர் வார்டு பேர் இல்ல.

அந்த முக்கோணத்த பாத்த கண்ணு நம்ம ஆளோட கண்ணு. பாத்தத கடைசி வரைக்கும் கொண்டு போக வழி அவங்களுக்கு அப்போ இல்ல. உங்களுக்கு இருக்கு. போங்க.

எண்களோடு_வாழ்பவன்:
நான் நர்ஸ் இல்ல, ஆஸ்பத்திரி ஆய்வுகளுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பண்றவன். ரெண்டு விஷயம் சொல்லணும், ரெண்டும் கொஞ்சம் கசக்கும்.

முதல்ல அந்த நோட்டு. அத டேட்டான்னு நெனச்சு எங்கயும் கொண்டு போயிடாதீங்க மேடம். எதிக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாம எழுதினது, பேஷண்ட் யாரும் சம்மதம் குடுக்கல. பேர் எழுதலைன்னாலும் தேதியும் பெட் நம்பரும் சேர்ந்தா யாருன்னு கண்டுபிடிச்சிடலாம். பத்திரமா பூட்டி வெச்சுட்டு, உங்க ஆஸ்பத்திரில அந்தரங்க விதி என்ன சொல்லுதுன்னு கேளுங்க. உங்க கேள்விக்கு அது விதை, அதோட நிறுத்திக்கோங்க.

ரெண்டாவது ஒரே ஒரு கேள்வி. ராத்திரி யார குளிப்பாட்டறது, யார விட்டுட்டு காலைக்கு தள்றதுன்னு யார் முடிவு பண்றாங்க?

மூணாம்ஷிஃப்ட்:
நான் தான் முடிவு பண்றேன் சார். நைட் இன்சார்ஜ் நான் தானே. ரொம்ப முடியாம இருக்கறவங்க, வெயிட்டான ஆளுங்க, மோஷன் போயிட்டே இருக்கறவங்கள ராத்திரில ரெண்டு மூணு பேரா சேர்ந்து செஞ்சுடுவோம். கொஞ்சம் தேறினவங்கள காலைல அவங்களே மொகம் கழுவட்டும்னு விட்டுடுவோம்.

இத டைப் பண்ணும்போதே எனக்கு கை நின்னுடுச்சு.

எண்களோடு_வாழ்பவன்:
ஆமா மேடம், அதே தான். மோசமா இருக்கறவங்கள ராத்திரி குளிப்பாட்டறீங்க. மோசமா இருக்கறவங்களுக்கு டெலிரியம், அதாவது திடீர்னு வர்ற மனக்கொழப்பம், வர வாய்ப்பும் ஜாஸ்தி. அப்போ கொழம்பினது குளியலாலயா, நோயாலயா, அவங்களுக்கு ஓடற மயக்க மருந்தாலயா? அஞ்சு வருஷ நோட்டால இத பிரிச்சு சொல்ல முடியாது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னா பயம்னு எழுதினீங்க. அதுல பாதி இந்த கேள்விய கேக்க தெரியறது தான், மிச்சத்த சாஃப்ட்வேர் பாத்துக்கும், சொல்லி குடுக்க ஆள் இருக்கு. என் கேள்விக்கு பதில் எழுதும்போதே கை நின்னுச்சு பாருங்க, அந்த புத்தி உங்களுக்கு இருக்கு. அது இல்லாம கணக்கு மட்டும் தெரிஞ்சவங்களோட தான் நான் தினமும் மல்லுக்கட்டறேன்.

ஆய்வுமேசை:
நானும் ஒண்ணு சொல்லணும், சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். உங்க கேள்விய ஏற்கனவே கேட்டிருக்காங்க சிஸ்டர். 2004ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஐசியூல 147 ராத்திரிகள எடுத்து பேஷண்ட எத்தனை தடவை தொட்டு எழுப்பறோம்னு எண்ணிருக்காங்க. ஒரு ராத்திரிக்கு சராசரியா 40 தடவைக்கு மேல. நடுவுல ரெண்டு மூணு மணி நேரம் சேர்ந்தாப்ல தொந்தரவு இல்லாம கெடச்சது மொத்தமே 9 தடவை தான். குளியல் எத்தனைன்னும் எண்ணிருக்காங்க, 62 வழக்கமான பாத் ராத்திரி ஒம்பதுலேர்ந்து காலை ஆறுக்குள்ள நடந்திருக்கு. 2018ல க்ரிட்டிக்கல் கேர் சங்கத்தோட வழிகாட்டுதல்ல தூக்கத்தையும் தனி தலைப்பா சேத்துட்டாங்க, வலி, கொழப்பம், அசையாம கெடக்கறது இதுங்களோட சரிசமமா.

மூணாம்ஷிஃப்ட்:
அப்போ எல்லாம் முடிஞ்சு போச்சா. 2004லயே கண்டுபிடிச்சிட்டாங்க, நான் 2020க்கு மேல நோட்டு எழுதிட்டு உக்காந்திருந்தேன். என்ன சொல்றதுன்னே தெரியல.

ஆய்வுமேசை:
முடியல மா. நல்லா யோசிச்சு பாருங்க. தூக்கம் கலையுதுன்னு எண்ணி காட்டிட்டாங்க. அப்புறமும் இன்னைக்கு உங்க யூனிட்ல மூணு மணிக்கு தான் பாத் நடக்குது. ஏன்? இத்தனை வருஷம் கழிச்சும் ஏன் மாறல? யார் முடிவு பண்றாங்க, எத பாத்து பண்றாங்க, காலை ஷிஃப்டுக்கும் ராத்திரி ஷிஃப்டுக்கும் நடுவுல அந்த வேலை எப்படி கை மாறுது? இத ஒரு ப்ரொபசர் வெளிலேர்ந்து வந்து பாத்தா புரியாது, ஹேண்டோவர்ல "பாத் முடிஞ்சுது"ன்னு சொல்லலைன்னா அடுத்த ஷிஃப்டோட மொகம் எப்படி மாறும்னு உங்களுக்கு தான் தெரியும்.

நம்ம கேள்விய முன்னாடியே யாரோ கேட்டிருக்காங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கு நான் ரெண்டு வாரம் யார்கிட்டயும் பேசல. அப்புறம் தான் புரிஞ்சுது, வருஷக்கணக்கா தனியா பேசிட்டு இருந்த விஷயத்துக்கு பேச்சுத்துணை கெடச்சிருக்குன்னு.

அம்மாவோட_பொண்ணு:
எங்க அம்மா நர்ஸ், பிஎச்டி முடிச்சாங்க. நான் அப்போ ஸ்கூல் படிச்சிட்டு இருந்தேன். நடுராத்திரில தண்ணி குடிக்க எழுந்தா டேபிள் லைட்டு எரியும், அம்மா பக்கத்துல போய் உக்காந்துப்பேன், ரெண்டு பேரும் பேசிக்க மாட்டோம், அவங்கவங்க புக்க படிப்போம். ஸ்கூல் டேஸ்ல ரெண்டு ஃபங்ஷனுக்கு அவங்க வரல, அது எனக்கு ஞாபகம் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். அந்த டேபிள் லைட்டும் ஞாபகம் இருக்கு. ஆன்ட்டி, பையன்கிட்ட முன்னாடியே ஒக்காந்து பேசிடுங்க, எந்த மாசம் ரொம்ப பிசியா இருப்பீங்கன்னு.

பாதில_நிறுத்தினவள்:
அக்கா, சேர்றதா இருந்தா இன்னொன்னும் யோசிச்சு வைங்க. சொந்த வார்டுலயே ஆய்வு பண்ணாதீங்க, பண்ணாலும் டேட்டா வேற ஆள் எடுக்கட்டும். உங்க கையால மருந்து வாங்கறவங்க, அவங்க வீட்டு ஆளுங்க, நீங்க கையெழுத்து கேட்டா மாட்டேன்னு எப்படி சொல்லுவாங்க? கூட வேலை செய்யறவங்களுக்கும் அதே தான், இன்சார்ஜ் சிஸ்டர் பேட்டி எடுத்தா உண்மை வராது. வென்டிலேட்டர்ல இருக்கறவங்களுக்கு சம்மதம் சொல்லவே முடியாது, குடும்பத்துக்கிட்ட கேக்கணும், தெளிஞ்சப்புறம் அவங்ககிட்டயே மறுபடி கேக்கணும். எதிக்ஸ் கமிட்டி முதல்ல இத தான் புடிப்பாங்க. என் ப்ரபோசல் நாலு மாசம் அங்கயே நின்னுச்சு.

மூணாம்ஷிஃப்ட்:
எட்டு மாசம் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க. இழைய தேடி கண்டுபிடிக்கவே நேரமாச்சு.

சேர்ந்துட்டேன். பார்ட் டைம். ரெண்டு பேர்கிட்ட பேசி, முதல் கைடு வேண்டாம்னு விட்டு, அவ்வளவு பேர் இல்லாத இன்னொருத்தங்ககிட்ட சேர்ந்திருக்கேன். முதல் மீட்டிங்ல நான் அரை மணி நேரம் பேசினேன், அவங்க ஒண்ணும் சொல்லாம கேட்டுட்டு, "ட்யூப புடுங்கினவங்கள எழுதிருக்கீங்க, அமைதியா படுத்திருந்தவங்கள ஏன் எழுதல"ன்னு கேட்டாங்க. டெலிரியம்ல அமைதியா இருக்கற வகை ஒண்ணு இருக்கு, டூல் வெச்சு பாக்கலைன்னா தெரியாம போயிடும்னு படிச்சது தான், ஆனா அஞ்சு வருஷ நோட்டுல அவங்க ஒருத்தர் கூட இல்ல. சத்தம் போட்டவங்கள மட்டும் தான் நான் பாத்திருக்கேன்.

புதுசிஸ்டர், நீ கேட்டதுக்கு இப்போ ஒரு பதில் சொல்றேன், முழு பதில் இல்ல. நான் பெட் பக்கத்துலேர்ந்து இன்னும் போகல, வாரத்துல மூணு நைட் பண்றேன். போன வாரம் ஒரு வயசானவர், நாள் பூரா கண்ண மூடி அமைதியா இருந்தார், ஹேண்டோவர்ல "நல்லா தூங்கறார்"னு சொன்னாங்க. எனக்கு அந்த வார்த்தை உறுத்திச்சு. ராத்திரி பத்து மணிக்கு தோள தட்டி எழுப்பினேன், கண்ண திறந்து பாத்தார். எங்களோட புது பொண்ணு ஒருத்தி பக்கத்துல நின்னா. அவளையே செய்ய சொன்னேன், சிஏஎம் ஐசியூ, டெலிரியம் இருக்கான்னு பாக்கற டூல் அது. பத்து எழுத்து ஒண்ணொண்ணா சொல்லணும், ஒரு எழுத்து வரும்போது மட்டும் அவர் நம்ம கைய அழுத்தணும். ரெண்டு தப்புக்கு மேல போனா கவனம் சரியில்லைன்னு அர்த்தம். அவ சொல்லி முடிச்சா. அவர் அவ மொகத்தையே பாத்துட்டு இருந்தார், ஒரு தடவை கூட அழுத்தல. மிச்ச பகுதியையும் பாத்தோம், பாசிட்டிவ். டாக்டருக்கு சொல்லி, சார்ட்ல நேரத்தோட எழுதினா, கீழ அவ பேர போட சொன்னேன். அன்னைக்கு அவரோட ஸ்பாஞ்ச் பாத்த காலை ஒம்பது மணிக்கு மாத்திட்டேன்.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முதல் டெஸ்ட்ல பாஸ் மார்க்குக்கு ரெண்டு தான் மேல. எண்களோடு_வாழ்பவன் சார், ரிக்ரெஷன் பத்தி ஒரு சந்தேகம் இருக்கு, தனியா மெசேஜ் போடலாமா? செவ்வாய்க்கிழமைக்குள்ள தெரியணும்.